பதினான்கு புள்ளி இரண்டு

துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கேபிளைப் பிடுங்கினாள்.

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகிக்கும் துரை அவர். எங்கள் கருவியைப் பார்க்கவென்று பதுளைக்கு இறங்கி வந்திருந்தார். முதலாளி ஹாஜியார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். திரையில் எண் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். வைத்த கையாலேயே கணினியின் பக்கவாட்டில் இருந்த யூஎஸ்பி கேபிளை இழுத்துவிட்டாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒரு கணம் திணறி, மூடிக்கொண்டது. கறுப்புத் திரை.

"என்ன மகள் செஞ்சீங்க?" என்றார் ஹாஜியார், சிரித்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கழண்டா என்ன சொல்லுதுன்னு சேருக்குத் தெரியணுமே ஹாஜியார். இப்பத்திக்கு ஒன்னும் சொல்லல. அணைஞ்சு போகுது."

துரை தேநீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளைப் பற்றி யோசித்தால் முதலில் வருவது அந்தக் கைதான். ஒல்லியான கை, நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது எந்த நாட்டில் இருக்கிறாளோ, கேட்காமல் அவள் பெயரை எழுதுவது சரியில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பதுளையில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவாள். என்னை அண்ணா என்பாள்; ஹாஜியார் அவளை மகள் என்று கூப்பிடுவார்.

எங்கள் பட்டறை பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் தெருவில், ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் இருந்தது. ஆறு பேர் வேலை செய்தோம். மலைச்சரிவில் வெடிப்பு விட்ட இடங்களில் இரண்டு கரையிலும் இரும்புக் குழாய் நட்டு, நடுவே ஒரு கம்பி கட்டுவோம். வெடிப்பு அகன்றால் கம்பி இழுபடும். எத்தனை மில்லிமீட்டர் இழுபட்டது என்று ஒரு பெட்டி அளக்கும். பெட்டியிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாக ஒரு சிறிய கணினிக்கு எண் வரும். எண் ஓர் அளவைத் தாண்டினால் கணினி ஹாரன் அடிக்கும். அந்த எண் எங்கள் பட்டறைத் திரைக்கும் வந்துகொண்டிருக்கும்.

பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசுகிற நிரலை டிரைவர் என்பார்கள். அதை எழுதியவன் நான். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பது அவள் வேலை.

எல்லாம் சரியாக நடக்கிற வழியை அவள் படிக்கவே மாட்டாள். "அத நீங்க ஓட்டிப் பாத்திருப்பீங்கதானே அண்ணா" என்பாள். நிரலைத் தாளில் அச்செடுத்து, பிழை வந்தால் போகிற வழிகளை மட்டும் சிவப்புப் பேனாவோடு தொடருவாள். ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் "இது நடக்கலன்னா?" என்று எழுதுவாள். நினைவகத்தில் இடம் கேட்டுக் கிடைக்காவிட்டால்? இடம் கிடைத்து அடுத்த படி தோற்றால், எடுத்த இடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? பெட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது ஒருவர் கேபிளைக் கழற்றினால், அந்தக் கேள்வியை யார் ரத்து செய்வது?

இந்தக் கடைசிக் கேள்வியில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். காத்திருக்கும் கேள்வியை ரத்து செய்வதற்கு முன்னாலேயே இடத்தை விட்டுக்கொடுத்திருந்தேன். பதில் பிந்தி வந்தால் வேறு யாருக்கோ சொந்தமான இடத்தில் போய் விழும். "அது ஆயிரத்துல ஒரு தடவ நடக்கும்" என்றேன். அவள் ஒரு தாளையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழற்றினாள், மாட்டினாள், தாளில் ஒரு கோடு போட்டாள். கழற்றினாள், மாட்டினாள். முப்பத்தேழாவது கோட்டில் கணினி உறைந்து நின்றது. தாளை என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வேலைக்கு வெளியிலும் அப்படித்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவளுக்கு ஒரு வரன் வந்தபோது ஹாஜியாரின் மனைவி ஆசையாகக் கேட்டார், மாப்பிள்ளை நல்ல மாதிரியா என்று. "தெரியலங்க. ரெண்டு தரந்தான் பேசியிருக்கேன்" என்றாள். ஏன் இப்படி இருக்கிறாய், சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று நானே ஒருமுறை கேட்டேன். "அப்படி ஒன்னும் ஞாபகம் இல்லண்ணா" என்றாள்.

சில நேரம் அது கேட்பவர்களைக் காயப்படுத்தியது. அந்தத் துரை ஒரு மாதம் கழித்துக் கருவி வேண்டுமென்று சொல்லி அனுப்பினார். இடம் பார்க்கப் போனோம். தொழிலாளர் குடும்பங்கள் இருக்கிற, இருபத்திநாலு காம்பரா வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லயம். அதன் பின்னால் செங்குத்தான தேயிலைச் சரிவு. சரிவின் பாதியில், செடிகளுக்கு நடுவே, பாதம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. லயத்தின் கடைசிக் காம்பராவில் மாரியாயி அக்கா இருந்தார். கொழுந்து எடுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு பசு வைத்திருந்தார். எங்களுக்குப் பால் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"இந்தப் பெட்டி வச்சா எங்களுக்கு ஒன்னும் ஆகாதுதானே?"

"ஒன்னும் ஆகாதுங்க" என்றேன். எங்களோடு வந்திருந்த, தொழிலாளர்களின் தோட்டத் தலைவரும் அதையே சொன்னார். மாரியாயி அக்கா அவளைப் பார்த்தார்.

"தெரியாதுங்கக்கா" என்றாள் அவள். "மலை நகருதான்னுதான் இது சொல்லும். மலைய நிறுத்தாது."

மாரியாயி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. வரும் வழியில் நான் அவளைக் கடிந்துகொண்டேன். அந்த அம்மா கேட்டது ஒரு ஆறுதல்தானே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹாஜியார் எனக்கு ஒன்றுதான் சொல்லியிருந்தார். "தம்பி, என்ன நடந்தாலும் அந்த ஸ்கிரீன் அணையப்படாது. எண் ஓடிக்கிட்டே இருக்கணும்." மழைக்காலத்துக்கு முன்னால் பெட்டியை வைத்தாக வேண்டும். திரை நிரலைத் திருத்த நேரமில்லை. ஆகவே டிரைவரில் ஒரு சுலபமான வேலை செய்தேன். பெட்டியிடமிருந்து பதில் வராவிட்டால், பிழை என்று சொல்லாமல், கடைசியாக வந்த எண்ணையே திருப்பிக் கொடுத்துவிடும்படி எழுதினேன். மேலே இருக்கும் நிரலுக்கு எதுவும் தெரியாது. திரை அணையாது. பக்கத்தில் "தற்காலிகம்" என்று ஒரு குறிப்பும் போட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் வழக்கமான கேள்வி இல்லை. "இது பொய்" என்று எழுதியிருந்தாள். கீழே, "இதே மாதிரி இன்னொரு இடமும் இருக்கு, கரண்ட் போய் வந்தா போற வழியில. ரெண்டையும் மாத்தணும்." கையெழுத்து வைக்கவில்லை.

அந்த வாரமே அவளுடைய அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. நான்கு நாள் லீவு எடுத்தாள். முதல் இடம் எப்போதாவதுதான் குறுக்கிடும், அதை மாற்றினேன். பதில் வராவிட்டால் பிழை என்று சொல்லும், ஹாரன் அடிக்கும். இரண்டாவது இடத்தை மாற்றினால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் திரை நிரல் மூடிக்கொண்டது. தோட்டத்தில் நாளுக்கு இரண்டு தடவை மின்சாரம் போகும். பிறகு பார்க்கலாம் என்று அதை விட்டுவிட்டேன். அவள் பார்த்துவிட்டாளா என்று ஹாஜியார் கேட்டார். பார்த்துவிட்டாள் என்றேன். பெட்டியைக் கொண்டுபோய் அந்த லயத்துப் புள்ளக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடத்தில், பொருத்திவிட்டு வந்தோம்.

அவள் திரும்பி வந்ததும் கேட்டாள். "ரெண்டு இடத்தையும் மாத்திட்டீங்களாண்ணா?"

"மாத்தியாச்சு."

ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். யார் எழுதிய வரியையும் நம்பாதவள், என் வாய்வார்த்தையை நம்பிவிட்டாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் நான் பட்டறைக்கு வந்தபோது திரையில் அந்த லயத்தின் எண் 14.2 என்று இருந்தது. நிம்மதியாக இருந்தது. மற்ற இரண்டு தோட்டத்துப் பெட்டிகளும் கொஞ்சம் கூடியிருந்தன, பயப்படும்படி இல்லை. பதினொரு மணிக்கு அவள் தேநீரோடு வந்து என் பின்னால் நின்றாள். போகவில்லை.

"அண்ணா, அந்த ரெண்டும் கடைசி இலக்கத்துல ஆடிக்கிட்டே இருக்கு. இது ஏன் ஆடல?"

"கம்பி நல்லா இறுக்கமா இருக்கும்."

அவள் தன் மேசைக்குப் போனாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. எந்தக் கோப்பைத் திறக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதில் எத்தனையாவது வரிக்குப் போகிறாள் என்றும் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"அண்ணா."

நாற்காலியைத் திருப்பினேன்.

"ரெண்டாவது இடம் அப்படியே இருக்கு."

"ஆமா."

"எத்தன மணியிலேர்ந்து இந்த எண்?"

பதிவைத் திறந்தேன். ஆறு பத்துக்கு மின்சாரம் போய் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பெட்டி ஒரு பதிலும் சொல்லவில்லை. ஐந்து மணித்தியாலமாக என் நிரல் அந்த இரண்டாவது வழியிலேயே நின்று பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. போனை எடுத்துத் தோட்டத் தலைவரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"தலைவரே, எங்க பெட்டி காலையிலேர்ந்து பொய் சொல்லிக்கிட்டு இருக்கு. மலை நகருதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியல."

"தெரியலன்னா? நாங்க என்ன பண்றது? இருக்கிறதா, போறதா?"

ஹாஜியார் உள்ளே வந்தார். விஷயம் அவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. "மகள், பொறுங்க. மெயின்டனன்ஸ்னு சொல்லுங்க. நாங்க ஆள் அனுப்பிப் பாத்திட்டுச் சொல்லுவோம்" என்றார் மெல்ல.

"போய்ச் சேர ரெண்டு மணித்தியாலம் ஆகும் ஹாஜியார். அதுவரைக்கும் ஹாரன் அடிக்கலன்னு நம்பி உள்ளதான் இருப்பாங்க." போனுக்குக் குனிந்தாள். "எல்லாரும் வெளியேறுங்க தலைவரே. புள்ளக் காம்பராவ முதல்ல. ஸ்கூலுக்குப் போங்க."

ஹாஜியார் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தார். "வாங்க, போவோம்."

ஸ்பிரிங்வெளி தாண்டி ஒரு மரம் விழுந்து பாதையை மறித்திருந்தது. வேனை விட்டுவிட்டு நடந்தோம். பாதையெல்லாம் செம்மண் தண்ணீர். ஒன்றரை மணிக்கு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, தலைவர் குடையில்லாமல் ஓடி வந்தார். குழந்தைகளையும் பாதிக் குடும்பங்களையும் மேட்டிலிருந்த ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டார். மிச்சப் பேர் நகர மறுக்கிறார்கள்.

லயத்து வாசலில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். "நீங்கதானே ஹாரன் வச்சீங்க" என்றார் ஒருவர். "அது அடிக்கட்டும். அடிச்சா போறோம். மழைக்கெல்லாம் வீட்ட விட்டு ஓட முடியுமா?"

"அது அடிக்காதுங்க" என்றாள் அவள். தலையில் துண்டு கூட இல்லை. மழை முகத்தில் வழிந்தது. "காலையிலயே செத்துப்போச்சு. எங்க தப்பு."

"அப்ப மலை இறங்குமா? உறுதியா சொல்லுங்க."

"தெரியாது."

அந்த ஆள் சிரித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. இறங்கும் என்று சொல்லித் தொலைக்கக்கூடாதா? ஒரு வார்த்தைதானே.

கடைசிக் காம்பராவிலிருந்து மாரியாயி அக்கா வந்தார். பசுவின் கயிறு ஒரு கையில், துணி மூட்டை ஒரு கையில்.

"எங்க போற மாரியாயி?" என்றார் அந்த ஆள்.

"ஸ்கூலுக்கு. அன்னைக்கு எல்லாரும் ஒன்னும் ஆகாதுன்னாங்க. இந்தப் புள்ள ஒன்னுதான் தெரியாதுன்னுச்சு. அதே புள்ள இன்னைக்கு ஓடி வந்து போன்னு சொல்லுது." பசுவை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். அவர் பின்னால் இரண்டு பெண்கள் கிளம்பினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள். ஆண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பெட்டிய பாருங்கண்ணா."

புள்ளக் காம்பராவில் தொட்டில் சேலைகள் வெறுமையாகத் தொங்கின. பெட்டியின் கேபிள் வாய்க்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அவள் டார்ச்சைப் பிடித்தாள். நான் சட்டை நுனியால் துடைத்தேன். வாயால் ஊதினேன். சரிவு அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. சுவரில் காது வைத்தால் கேட்குமோ என்று நினைத்தேன், வைக்கவில்லை. கேபிளை மாட்ட மூன்று தடவை முயன்றேன். அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் தலைகீழாகப் போனது. அவள் டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

மாட்டியதும் திரையில் 14.2 மறைந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு 63.8.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 64.1 ஆனது.

தலைக்கு மேலே ஹாரன் அலறத் தொடங்கியது. அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். வெளியே ஓடினோம். வாசலில் நின்ற ஆண்கள் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, வெயில் எட்டிப்பார்த்த ஒரு நேரத்தில், சரிவு இறங்கியது. கடைசி நான்கு காம்பராவும் புள்ளக் காம்பராவின் பின்சுவரும் மண்ணுக்குள் போயின. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்கூல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். லயத்துச் சனம் முழுவதும் வந்திருந்தது. துரை பேசினார். பெட்டி சரியான நேரத்தில் ஹாரன் அடித்ததால்தான் இத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றார். ஹாஜியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏழு மணித்தியாலம் ஊமையாகக் கிடந்த பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டுமிருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் அவள் எழுந்தாள்.

"சேர், ஒன்னு சொல்லணும். ஹாரன் சரியான நேரத்துல அடிக்கல. காலையில ஆறு பத்துலேர்ந்து நாங்க வந்து சேரும்வரைக்கும் பெட்டி பழைய எண்ணத்தான் காட்டிச்சு. டிரைவர்ல பிழை. சனத்த வெளியேத்தினது தலைவர்தான்."

ஹாஜியார் பொன்னாடையை மடியில் மடித்து வைத்தார்.

"யாரோட பிழை?" என்றார் துரை.

"எனக்குத் தெரியும் சேர். நான் சொல்லப்போறதில்ல."

நின்றுகொண்டே இருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. தலைவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் கண் நின்றது. உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான் எழுதினது" என்றேன், எழுந்து.

தலைவர்தான் கேட்டார். "தெரியாம நடந்துச்சா?"

"இல்லங்க. தெரிஞ்சேதான். மாத்தச் சொல்லி இவங்க எழுதிக் குடுத்தாங்க. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். பெட்டிய வைக்கிறதுக்கு முந்தி இவங்க பாத்துட்டாங்கன்னும் பொய் சொன்னேன்."

முன் வரிசையில் ஒரு இளம் தாய் மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரைக்கும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. துரை அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். பின்னாலிருந்து மாரியாயி அக்காவின் குரல் கேட்டது. "கழட்டிறாதீங்க தொரை. சரி பண்ணி வைக்கச் சொல்லுங்க. மலை இன்னும் அங்கனதானே இருக்கு."

திரும்பி வரும்போது ஹாஜியார் வேனை ஓட்டினார். அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால், மண்வெட்டிகளுக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவே. நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று எந்த வளைவில் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லவில்லை. பதுளை பஸ் நிலையத்தில் அவள் இறங்கினாள். கதவைச் சாத்தப்போனவள், குனிந்து உள்ளே பார்த்தாள்.

"நாளைக்கு வருவீங்கதானேண்ணா?"

ஹாஜியார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வருவேன்" என்றேன்.

"எட்டு மணிக்கே வாங்க. முதல் வரியிலேர்ந்து பாக்கணும்." கதவைச் சாத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் அறைப் பக்கமாக நடந்தாள்.